காதை ஏமாற்றும் கரகரப்பு

மாதக்கணக்கில் சேர்த்த பணத்தோடு பெங்களூருவின் இசைக்கருவிக் கடைகளில் நுழையும் இளைஞர்கள் சிலர் கேட்பது காலால் மிதித்து இயக்கும் ஒரு சின்னப் பெட்டியை. எலெக்ட்ரிக் கிடாரின் குரலையே மாற்றும் ஓவர்டிரைவ் பெடல் அது. 1996இல் 'தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்' குழு பிறந்த ஊர், 2007 மார்ச்சில் 'அயர்ன் மெய்டன்' அரண்மனை மைதானத்தை அதிரவைத்த ஊர். ராக் மோகத்துக்குக் கேட்பானேன்?

வால்வு ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் முடுக்கினால் ஒலி கரகரக்கும். பொறியாளருக்கு அது கோளாறு. கிடார் கலைஞருக்கு அதுவே சுவை. ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1977இல் வெளியிட்ட ஓடி-1, அடுத்து வந்த ஐபனெஸ் ட்யூப் ஸ்கிரீமர் இரண்டும் அந்தக் கரகரப்பை 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் பெட்டிக்குள் அடைத்தன. உள்ளே இருக்கும் டயோடுகள் ஒலி அலையின் உச்சிகளை மழுக்குகின்றன.

வாங்குமுன் வாசித்துப் பார்க்கும்போதுதான் காது ஏமாறுகிறது. சத்தம் கூடினாலே ஒலி நன்றாக இருப்பதாகத் தோன்றும். எனவே பெடலை மிதித்தாலும் விட்டாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி 'லெவல்' குமிழைத் திருகிவைத்து ஒப்பிட வேண்டும். சொந்த கிடாரையே கொண்டுபோவது உத்தமம். மெல்ல மீட்டினால் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் ஒலிக்கிறதா? கிடாரின் வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு அடங்குகிறதா? கார்டு வாசிக்கையில் ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா?

கடையில் சிங்கமாகக் கர்ஜித்த பெடல், பக்கத்து வீட்டாருக்குப் பயந்து வாசிக்கும் வாடகை அறையில் கொசுவாக ரீங்கரிக்கலாம். வீட்டில் வைக்கும் சத்தத்திலேயே கடையிலும் வாசித்துப் பார்ப்பவர் பிழைத்தார்.