ஒற்றை வாக்குச் சீட்டு

தேர்தல் என்றவுடன் வென்றவர் யார் என்று கேட்பது நம் வழக்கம். வாக்கு எவ்வாறு அளிக்கப்பட்டது, எவ்வாறு எண்ணப்பட்டது என வேறு இரு வினாக்களும் உண்டு. அவற்றை விளக்க, தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் நீண்டு கிடக்கும் சிலி நாட்டில் 1958 செப்டம்பர் 4-ஆம் நாள் நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தலை எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்னர் அந்நாட்டில் வாக்குச் சீட்டை அச்சிட்டவர்கள் கட்சியினரே. ஒவ்வொரு கட்சியும் தன் சீட்டைத் தனியே வழங்கும். வாக்காளர் அதனை உறையிலிட்டுப் பெட்டியில் சேர்ப்பார். பார்வைக்குக் குற்றமற்ற முறைதான். ஆனால், நடுச் சிலியின் பெரும் பண்ணைகளை எண்ணிப் பாருங்கள். அங்கே குடியிருந்து உழைத்தோர் 'இங்கிலினோ' எனப்பட்டனர். அவர்களுடைய குடிசையும் பயிரிடும் சிறு நிலமும் பண்ணையார் தந்தவை. தேர்தல் நாளில் சீட்டும் அவர் தரப்பிலிருந்தே வந்தது. அதை மறுப்பவன் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழக்க நேரிடும். இவ்வாறு பண்ணையாரின் ஒரு வாக்கு பல வாக்குகளாகப் பெருகிற்று.

1958-இல் நிறைவேறிய சட்டம் இந்நிலையை மாற்றியது. வேட்பாளர் அனைவரின் பெயரும் அடங்கிய ஒரே சீட்டை அரசாங்கமே அச்சிட்டது. அது வாக்குச் சாவடியில்தான் வாக்காளர் கைக்கு வரும். மறைவிடத்தில் அவன் இட்ட குறியை வேறொருவர் அறிய இயலாது. எனினும், எழுத்தறியாதவருக்கு அப்போதும் வாக்குரிமை இல்லை. அது 1970-இல்தான் வழங்கப்பட்டது. மக்கள் தொகை 70 லட்சத்தைக் கடந்திருந்தும், வாக்களித்தோர் ஏறத்தாழ 12½ லட்சம் பேரே.

இனி, எண்ணிய முறையைப் பார்ப்போம். வலசாரிகளின் ஆதரவு பெற்ற ஹோர்ஹே அலெசாந்திரி 3,89,909 வாக்குகளும், இடசாரிக் கூட்டணியின் மருத்துவர் சால்வதோர் அயெந்தே 3,56,493 வாக்குகளும் பெற்றனர். கிறித்தவ ஜனநாயகக் கட்சியின் எதுவார்தோ ஃப்ரே மூன்றாமவர். முதலிருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 33,416. ஐந்தாம் இடத்தில் நின்ற முன்னாள் பாதிரியார் அந்தோனியோ சமோரானோ பெற்றதோ 41,304! ஆண்களின் வாக்குகளில் அயெந்தே முந்தினார். பெண்களின் வாக்குகள் அலெசாந்திரிக்கு வெற்றி தேடித் தந்தன.

வென்றவர் பெற்றது நூற்றுக்கு 32-க்கும் குறைவு. எவருக்கும் பாதிக்கு மேல் கிட்டாவிடில், முதலிருவருள் ஒருவரை நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது 1925-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் விதி. முதல்வராக வந்தவரையே ஏற்பது மரபு. அவ்வாறே அலெசாந்திரி பதவி ஏற்றார். 1970-இல் அதே விதியின்படி, நூற்றுக்கு 37-க்கும் குறைவான வாக்குகளுடன் அயெந்தே தலைவரானார்; 1973-இல் இராணுவம் அவரைக் கவிழ்த்தது. பாதிக்கு மேல் எவரும் பெறாவிடில் மக்களே இரண்டாம் முறை வாக்களிக்கும் ஏற்பாடு 1980-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் இடம் பெற்றது.

அச்சிட்ட தாள் ஒன்று உழவனை அச்சத்திலிருந்து விடுவித்தது. ஆனால், சிதறிய வாக்குகளைப் பெரும்பான்மையாக்க அத்தாளால் இயலவில்லை. அதற்கு வேறொரு விதி வேண்டியிருந்தது. மாணவர்களே, இனி எந்நாட்டுத் தேர்தலைப் பற்றிப் படித்தாலும், வென்றவர் பெயரை அறிந்ததோடு நின்றுவிடாதீர்கள். சீட்டை அச்சிட்டவர் யார், எண்ணும் விதி யாது என்பனவற்றையும் கேளுங்கள்.