பரிசோதனைச் சாலைகளின் செய்திப் பரிமாற்றமும் கிராமத்தார் கடமையும்

நிலத்து மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பும் குடியானவர், பையின்மேல் தம் பெயர், கிராமம், சர்வே நெம்பர், பயிர் ஆகிய விவரங்களை எழுதிய சீட்டைக் கட்டி அனுப்புகிறார். சீட்டு இல்லாத மண்ணை எவ்வளவு திறமையாகப் பரிசோதித்தாலும் பயனில்லை. முடிவு எந்த நிலத்துக்கு உரியது என்பது எவருக்கும் விளங்காது. மனிதருடைய இரத்தத்தைப் பரிசோதிக்கும் விஷயத்திலும் இதுவே நியாயம். மண் விஷயத்தில் தவறினால் ஒரு போகத்தின் விளைவு குறையும்; இரத்த விஷயத்தில் தவறினால் உயிர்ச் சேதமே நேரக்கூடும். ஆகவே, பொதுச் சுகாதாரப் பரிசோதனைச் சாலைகள் தம்முள் கணினி மூலமாகச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை எத்தகையது என்பதையும், அது செவ்வனே நடைபெறக் கிராமத்தார் செய்யவேண்டுவன யாவை என்பதையும் நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

முடிவு செல்லவேண்டிய இரண்டு இடங்கள்

பூந்தமல்லிக்கு மேற்கே நெல் பயிரிடும் ஒரு கிராமத்தில், நாற்று நடும் ஆள் ஒருவருக்குக் கடும் ஜுரம் காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் அம்பத்தூரிலுள்ள உறவினர் வீட்டில் தங்கி, பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சிகிச்சை பெறுகிறார். அங்கே எடுத்த இரத்தம் வேறொரு பரிசோதனைச் சாலைக்கு அனுப்பப்பட்டு, எலி ஜுரம் என்று தெரியவருகிறது. முடிவு வைத்தியருக்குக் கிடைக்கிறது. தக்க மருந்தினால் நோயாளி குணமடைகிறார்.

இத்துடன் காரியம் முடிந்துவிடவில்லை. எலிகள் இருப்பதும், அவற்றின் மூத்திரம் கலந்த நீர் தேங்கியிருப்பதும் கிராமத்திலேயாகும். அதே வயலில் இறங்கும் மற்ற ஆட்களுக்கும் அந்நோய் காணக்கூடும். ஆதலால் முடிவானது வைத்தியருக்கு ஒன்றும், அக்கிராமத்தைப் பார்வையிடும் சுகாதார ஆய்வாளருக்கு ஒன்றுமாக இரண்டு இடங்களுக்குச் செல்லவேண்டும். முதலாவது நோயாளியைக் காக்கும். இரண்டாவது ஊரைக் காக்கும். பரிசோதனைச் சாலைகளுக்குள் செய்திப் பரிமாற்றம் வேண்டப்படுவது பெரிதும் இந்த இரண்டாவது காரியத்துக்காகவே.

எலி ஜுரத்தின் கிருமி, கை கால்களிலுள்ள வெடிப்பு, சிராய்ப்பு முதலியவற்றின் வழியாக உடலுட் புகுவது. நோய்க்குறிகள் சாதாரணமாக 5 முதல் 14 நாட்களுக்குள் தோன்றும். ஆரம்பத்திலேயே டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற மருந்துகளுக்குக் கட்டுப்படும். அசட்டையாக விட்டால் காமாலை கண்டு, சிறுநீரகம் கெட்டு, மரணமும் நேரிடலாம். நாட்கள் கடந்து வரும் செய்தியினால் பயன் குறைவு என்பது இதனால் விளங்கும்.

பழைய முறை

சென்னை ராஜதானியில் பொதுச் சுகாதார இலாகா 1922ஆம் ஆண்டில் தனியாக ஏற்பட்டது. கிண்டியிலுள்ள கிங் நிலையம் அதற்கும் முற்பட்டது, 1899இல் ஸ்தாபிக்கப்பட்டது. தொற்று நோய் கண்டால் அறிவிக்கவேண்டும் என்னும் கடமையை 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் வைத்தியர்களுக்கு விதித்தது. அக்காலத்தில் அறிவிப்புகள் தபாலிலும், அவசரமானால் தந்தியிலும் சென்றன.

2004ஆம் ஆண்டில் இந்தியா முழுவதற்குமாக ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. இதில் மூன்று படிவங்கள் ஏற்பட்டன. நோய்க்குறிகளை மட்டும் கண்டு கிராமச் சுகாதார ஊழியர் எழுதுவது எஸ் படிவம். வைத்தியர் இன்ன நோயாக இருக்கலாம் என்று கருதி எழுதுவது பி படிவம். பரிசோதனைச் சாலை உறுதி செய்து எழுதுவது எல் படிவம். திங்கள் முதல் ஞாயிறு வரையுள்ள ஒரு வாரத்துக் கணக்கு அடுத்த வாரத்தில் மேலிடத்துக்குச் செல்லும். திங்கட்கிழமை கண்டறிந்த நோயின் செய்தி ஒரு வாரம் காத்திருக்க நேர்ந்தது. மேலும், பெரும்பாலும் எண்ணிக்கையே அனுப்பப்பட்டதால், எஸ் படிவத்தில் கண்ட ஜுரக்காரரும் எல் படிவத்தில் கண்ட நோயாளியும் ஒருவர்தாமா என்று சேர்த்துப் பார்ப்பது கடினமாயிற்று.

இக்குறைகளை நீக்கும்பொருட்டு ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் என்னும் கணினி முறை 2018இல் ஏழு மாநிலங்களிலும், 2021 ஏப்ரல் 5இல் நாடு முழுவதற்குமாகவும் தொடங்கப்பெற்றது. முன்னர் 18ஆக இருந்த கண்காணிப்பு நோய்கள் 33ஆக உயர்த்தப்பட்டன. ஒவ்வொரு நோயாளியின் விவரமும் தனித்தனியே, இடத்தோடு சேர்த்து, அன்றன்றே பதியப்படவேண்டும் என்பது இதன் ஏற்பாடு.

ஒரு பொருளுக்கு ஒரே எண்

கணினிகளை இணைத்துவிட்டால் செய்தி தானே ஓடும் என்று எண்ணுவது சரியன்று. இரண்டு சாலைகள் ஒரே பரிசோதனையை வெவ்வேறு பெயரால் எழுதினால், பெறும் கணினி அவற்றை இரண்டாகவே கொள்ளும்.

கிராமத்தில் ஒரு நிலத்தை ஒருவர் கோயில் மேட்டுக் கழனி என்பார். மற்றொருவர் கிணற்றடிக் கொல்லை என்பார். ரிஜிஸ்தர் ஆபீஸிலும் தாலூகா கச்சேரியிலும் சர்வே நெம்பரும் உட்பிரிவுமே செல்லுபடியாகும். அவ்வாறே, பரிசோதனை ஒவ்வொன்றுக்கும் உலகெங்கும் செல்லும் ஓர் எண்ணை வழங்கும் ஏற்பாடு 1994இல் அமெரிக்காவிலுள்ள இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கிற்று. லாயிங்க் என்பது அதன் பெயர். அனுப்பும் செய்தியில் எந்த விவரம் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதை வகுக்கும் எச்.எல். 7 என்னும் அமைப்பு 1987இல் ஏற்பட்டது. இவை போன்ற பொது விதிகளை இந்திய சர்க்கார் 2013இல் மின்னணு சுகாதாரப் பதிவேட்டுத் தரங்களில் ஏற்று அறிவித்து, 2016இல் திருத்தி வெளியிட்டனர்.

அளவையிலும் ஒற்றுமை வேண்டும். பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் வழங்கிய குழி 576 சதுர அடி. தஞ்சைப் பக்கத்துக் குழி 144 சதுர அடி. ஊரைச் சொல்லாமல் நூறு குழி என்றால் கணக்கு நான்கு மடங்கு பிசகும். இரத்தச் சர்க்கரையை 100 மில்லி லிட்டருக்கு 90 மில்லிகிராம் என்று ஒரு சாலையும், லிட்டருக்கு 5 மில்லிமோல் என்று மற்றொரு சாலையும் எழுதலாம், இரண்டும் ஒன்றே. அளவையின் பெயரை விட்டு 90 என்றும் 5 என்றும் மட்டும் அனுப்பினால் விபரீதம் நேரும். ஆகையால் லாயிங்க் பட்டியலில் முதல் வகைக்கு 2345-7 என்றும், இரண்டாவதற்கு 14749-6 என்றும் தனித்தனி எண்கள் உள்ளன.

ஊர்ப் பெயரால் வரும் குழப்பம்

பரிசோதனையின் பெயரைச் சாலையார் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லவேண்டியவர் நோயாளியும் அவரைச் சேர்ந்தவர்களுமே. பூந்தமல்லி என்றும் பூவிருந்தவல்லி என்றும் ஓர் ஊரை இருவிதமாக எழுதுகிறோம். ஆங்கில எழுத்தில் எழுதுங்கால் இன்னும் சில விதங்கள் தோன்றுகின்றன. அம்பத்தூருக்கு அருகே அயப்பாக்கமும் அயனம்பாக்கமும் உள்ளன. அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடுவது எளிது. மனிதர் இதைக் கண்டு திருத்தக்கூடும். கணினி தனக்குக் கொடுத்ததையே கொள்ளும். இதற்காகவே மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் பட்டியலில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் எண் அமைக்கப்பட்டுள்ளது.

எல்லை வேறுபாடும் கவனிக்கத்தக்கது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியிலும், அதன் தாலூகா 2018இல் சென்னை ஜில்லாவிலும் சேர்ந்தது. 2019இல் மாநகராட்சியான ஆவடியும், பூந்தமல்லியும் திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்தவை. சில மைல் தூரத்துக்குள் ஜில்லா மாறிவிடுகிறது. முன் சொன்ன நடவு ஆள், தாம் தங்கியிருந்த உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுத்தால், செய்தி சென்னை சுகாதார அதிகாரிகளிடம் போகும். அவர்கள் அம்பத்தூர்த் தெருவில் மருந்து தெளிப்பார்கள். நோய் கிடக்கும் வயல் கவனிப்பாரின்றிக் கிடக்கும்.

அயப்பாக்கத்து நிறுவனம்

இவ்விஷயத்தில் இப்பகுதிக்கு ஒரு சிறப்பு உண்டு. சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளிவிவர ஆராய்ச்சி நிலையத்தையும், ஆவடியில் இருந்த தொழுநோய் ஆராய்ச்சிக் களப் பிரிவையும் சேர்த்து, தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 1999இல் அமைக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த இந்நிறுவனம் அயப்பாக்கத்தில் இயங்குகிறது. நாடெங்குமுள்ள வைரஸ் நோய்ப் பரிசோதனைச் சாலைகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து ஆராயும் பணியில் இதற்கு முக்கிய பங்கு உண்டு.

2020இல் கொரோனா நோய் பரவியபோது, ஒரு முறையாகச் செய்தி சேர்ப்பதன் பயன் வெளிப்பட்டது. ஜனவரியில் புனாவிலுள்ள தேசிய நிலையத்தில் தொடங்கிய பரிசோதனை, மார்ச்சுத் தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 250 பேராக இருந்து, ஏப்ரல் முடிவில் 50,000 மாதிரிகளாகப் பெருகிற்று. எல்லாச் சாலைகளும் ஒரே தளத்தில் பதிந்தமையால், ஜனவரி 22 முதல் ஏப்ரல் 30 வரை 10,21,518 பேர் பரிசோதிக்கப்பட்டனர் என்றும், 40,184 முடிவுகள் நோய் உண்டென்று காட்டின என்றும் கணக்கிட முடிந்தது. மாதிரி எடுக்கும் இடத்திலேயே விவரங்களைக் கைபேசியில் பதிந்து, ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எண் கொடுக்கும் வழக்கமும் அவ்வாண்டில் ஏற்பட்டது. ஒரு விவரத்தைப் பலர் பலமுறை எழுதினால் பிழை பெருகும். முதலில் எழுதுபவர் சரியாக எழுதி, மற்றவர்கள் அதையே எடுத்துக்கொள்வது நலம்.

கால்நடையையும் சேர்த்துப் பார்த்தல்

எலி ஜுரம் மாடுகளையும் தாக்கும். சினை மாடுகள் கன்று வீசுவதுண்டு. மாட்டின் இரத்தம் கால்நடைப் பரிசோதனைச் சாலைக்கும், மனிதரின் இரத்தம் சுகாதாரப் பரிசோதனைச் சாலைக்கும் செல்கின்றன. ஒரே கிராமத்தில் மாடுகள் கன்று வீசுவதும் ஆட்களுக்கு ஜுரம் காண்பதும் ஒருங்கே நிகழ்ந்தால், அவற்றைச் சேர்த்துப் பார்ப்பவருக்கு உண்மை எளிதில் புலப்படும். மாட்டுக் காதிலுள்ள வில்லையின் 12 இலக்க எண் இதற்குப் பெரிதும் உதவும். வில்லை வேண்டாமென்று மறுப்பதும், மாட்டை விற்றபின் பதிவை மாற்றாமல் விடுவதும் குடியானவருக்கே நஷ்டம்.

கிராமத்தார் செய்யவேண்டுவன

கையால் எழுதிப் பின் கணினியில் பதியும் வழக்கம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் வைத்தல் நலம்.

1. ஜுரக்காரர் எந்த ஆஸ்பத்திரிக்குச் சென்றாலும், தங்கியிருக்கும் விலாசத்தோடு, நோய் கண்டபோது வேலை செய்த கிராமம், ஊராட்சி, தாலூகா ஆகியவற்றையும் சொல்லவேண்டும்.

2. ஜுரம் ஆரம்பித்த தேதியைத் தவறாமல் சொல்லவேண்டும். எலி ஜுரத்துக்குச் சாதாரணமாகச் செய்யும் இரத்தப் பரிசோதனை, நோய் கண்ட முதல் சில நாட்களில் ஒன்றும் காட்டாதிருக்கலாம்; ஏறக்குறைய ஒரு வாரம் சென்ற பின்னரே நன்கு காட்டும். தேதி தெரியாவிட்டால், நோய் இல்லை என்னும் முடிவை நம்பி ஏமாற நேரும்.

3. தொழிலைக் கூலி என்று மட்டும் எழுதாமல், நடவு, களையெடுப்பு, மாடு மேய்த்தல் என்று விவரமாகச் சொல்லவேண்டும். புதரில் வேலை செய்தவருக்கு உண்ணிக் காய்ச்சல் இருக்கலாம் என்று வைத்தியர் ஊகிக்க இது உதவும்.

4. பெயரையும் வயதையும் ஒவ்வோரிடத்திலும் ஒரே விதமாகக் கொடுக்கவேண்டும். முன் பெற்ற பரிசோதனைச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்து காட்டவேண்டும்.

5. நிலமுடையோர் தம்மிடம் வேலை செய்யும் ஆட்களில் இருவர் மூவருக்கு ஒரே சமயத்தில் ஜுரம் கண்டால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் கிராமச் சுகாதாரச் செவிலியருக்கு உடனே தெரிவிக்கவேண்டும்.

6. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் ஊரின் சரியான பெயரையும் குக்கிராமங்களின் பெயர்களையும் சுகாதார ஊழியருக்கு எழுதிக் கொடுத்து உதவலாம். நோய் கண்ட செய்தி கிடைத்தால், தேங்கிய நீரை வடித்தல், எலி ஒழித்தல் முதலிய காரியங்களை நடத்தவேண்டுமேயன்றி, நோயாளி இன்னார் என்று ஊரறியச் சொல்லலாகாது. பெயர் வெளிப்படும் என்ற பயம் பரவினால், ஜனங்கள் விவரத்தை மறைப்பார்கள் அல்லது மாற்றிச் சொல்வார்கள். அதன்பின் எந்தக் கணினியாலும் உண்மையை அறிய இயலாது.

கிண்டியிலும் அயப்பாக்கத்திலும் உள்ள நிபுணர்கள் எவ்வளவு தேர்ந்தவர்களாயினும், அவர்களுக்குக் கிடைக்கும் செய்தி கிராமத்தில் முதன்முதல் எழுதிய சீட்டைவிடச் சிறந்ததாக இராது. மண் பையில் சீட்டுக் கட்டும்போது காட்டும் அக்கறையைத் தம்முடைய ஆட்களின் ஜுரத்திலும் காட்டினால், அடுத்த நடவுக்கு அதே வயலில் இறங்குவோர் நோயின்றி வேலை செய்வர்.