நாணய மதிப்பும் நெற்குதிரும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் இராசகிரியின் அடிவாரத்தில் பெரியதொரு நெற்களஞ்சியத்தைக் காண்பர். மலையுச்சியிலும் களஞ்சியம் உண்டு. முற்றுகைக் காலத்தில் பகைவரின் பீரங்கியினும் பசியே கொடிது என்பதனை அவற்றைக் கட்டியோர் அறிந்திருந்தனர். பொன் எத்துணைக் குவிந்திருப்பினும் நெல் இல்லையேல் கோட்டை நில்லாது. கோட்டைக்குப் பொருந்தும் இவ்வுண்மை குடிசைக்கும் பொருந்தும்.

பணத்திற்கு இருவகை மதிப்பு உண்டு. உள்நாட்டில் அது எவ்வளவு பொருளை வாங்கும் என்பது ஒன்று; அயல்நாட்டு நாணயத்திற்கு அது எவ்வளவு ஈடாகும் என்பது மற்றொன்று. விலைவாசி ஏறுங்கால் முன்னது தேய்கின்றது. அரசே முன்வந்து பின்னதைக் குறைத்தலை நாணய மதிப்புக் குறைப்பு என்பர்.

1966ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் இந்திய அரசு இவ்வாறு செய்தது. அதுகாறும் ஓர் அமெரிக்க டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா கொடுத்து வந்தோம்; அன்றுமுதல் 7 ரூபாய் 50 பைசா கொடுக்கவேண்டியதாயிற்று. நூறு டாலர் விலையுள்ள உரத்திற்கு முன்பு 476 ரூபாய் போதும். பின்னர் 750 ரூபாய் தேவைப்பட்டது. உணவுத் தானியம், உரம் முதலியவற்றின் விலை உடனே ஏறாதிருத்தற்பொருட்டு அரசு மானியம் அளித்து அச்சுமையின் ஒரு பகுதியைத் தாங்கியது.

எனினும், அந்நாளில் உணவு விலை ஏறியமைக்கு இஃதொன்றே காரணம் என்று கருதுதல் பிழையாகும். 1965, 1966 ஆகிய ஈராண்டுகளிலும் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. 1964-65இல் ஏறத்தாழ 8 கோடியே 90 இலட்சம் டன்னாக இருந்த நாட்டின் தானிய விளைச்சல், மறு ஆண்டில் 7 கோடியே 20 இலட்சம் டன்னாகச் சுருங்கிற்று. விளைச்சல் குறையவே விலை உயர்ந்தது.

விலை உயர்ந்தால் உழவர்க்கு ஊதியந்தானே என்று சிலர் வினவலாம். நெல்லும் நிலக்கடலையும் விளையும் செஞ்சிப் பகுதியை நோக்கின் விடை புலனாகும். மிகுதியாக விளைவித்து, இருப்பு வைத்து விற்க வல்லவர் பயனடைவர். சிறு நிலமுடையவரோ கடனைத் தீர்ப்பதற்காகத் தை அறுவடை முடிந்தவுடன் குறைந்த விலைக்கு விற்றுவிடுவர். ஆடி, ஆவணியில் அதே நெல்லை மிகுந்த விலைக்கு வாங்குவர்.

நிலமற்ற கூலியாளரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஒருவர் நாளொன்றுக்கு 2 ரூபாய் கூலி பெறுகின்றார் என்று கொள்வோம். படி அரிசி 1 ரூபாயாயின் அவர் இரண்டு படி வாங்கலாம். 1 ரூபாய் 60 பைசாவாயின் ஒன்றேகால் படியே கிடைக்கும். கூலி குறையவில்லை, சோறு குறைந்துவிட்டது. கூலியை நெல்லாகவே அளந்து பெறுவோர் இவ்விடரினின்று ஓரளவு தப்புவர். வறிய இல்லத்தில் வருவாயின் பெரும்பகுதி உணவிற்கே செல்கின்றது. ஆதலின் விலை ஏறியதும் முதலிற் பருப்பும் எண்ணெயும் குறையும். அடுத்து ஆடும் மாடும் விலைபோகும். பின்பு பிள்ளையின் படிப்பு நின்றுபோகும். விதைநெல்லை உண்ணும் நிலை வருமாயின் அடுத்த ஆண்டின் வாழ்வும் அழியும்.

இத்துன்பத்தின் வேகத்தை அரசியலும் உணர்ந்தது. 1967இல் அறிஞர் அண்ணா தலைமையில் அமைந்த அரசு, ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டத்தைச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தொடங்கியது. செலவு மிகுதியால் சிற்றூர்களுக்கு அஃது எட்டவில்லை. பிற்காலத்தே பொது வழங்கல் முறை ஊர்தோறும் விரிந்தது. 2011 சூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டையினர்க்கு அது விலையின்றி வழங்கப்படலாயிற்று.

நாணயத்தின் மதிப்பை அரசு ஓர் இரவில் மாற்றிவிடலாம். ஒரு படி அரிசி ஆற்றும் பசியின் அளவோ மாறுவதில்லை. ஆகவே, ஏரியைத் தூர்வாரி நீர் காத்தலும், விளைந்ததைப் பழுதின்றிச் சேமித்தலும், கூலியை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துதலுமே சிற்றூர்க் குடும்பங்களுக்கு உண்மையான அரணாகும்.