குச்சிக்கிழங்கும் ஆபரேஷன் தியேட்டரும்

பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கத்துக் காடுகளில் பிடுங்கும் குச்சிக்கிழங்கு லாரி ஏறினால், பெரும்பாலும் சேலத்துச் சேகோ மில்களில்தான் இறங்கும். ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச் மாவாகவும் மாறி வெளியே வரும். அந்த ஸ்டார்ச்சை நொதி கொண்டு அரைகுறையாக உடைத்தால் கிடைப்பது மால்டோடெக்ஸ்ட்ரின். மக்காச்சோள மாவிலிருந்தும் எடுக்கலாம். ஆபரேஷனுக்கு முன் நோயாளிக்குக் கொடுக்கும் சத்துபானத்தின் முக்கியச் சரக்கு இதுதான்.

ஆபரேஷனுக்கு முன் குடிப்பதா? ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்றுதானே கேட்டு வளர்ந்திருக்கிறோம். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. 1946-இல் நியூயார்க் மருத்துவர் கர்டிஸ் மெண்டல்சன், 44,016 கர்ப்பிணிகளில் 66 பேருக்கு அப்படி நேர்ந்ததைப் பதிவு செய்தார். அதில் இறந்தவர்கள் இருவர். இருவருக்கும் மூச்சை அடைத்தது திட உணவு. ஆனால் தடை என்னவோ தண்ணீருக்கும் சேர்ந்தே விழுந்தது.

பட்டினி கிடக்கும் உடம்பு கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையைக் கரைக்கத் தொடங்குகிறது. அந்த நிலையில் கத்தியும் பட்டால் கார்ட்டிசால், அட்ரினலின் எல்லாம் எகிறுகின்றன. கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. இன்சுலின் வந்து கதவைத் தட்டினாலும் தசை திறப்பதில்லை. சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் இப்படித்தான். வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுத்தால் இன்சுலினின் வேலைத்திறன் சுமார் பாதியாகிவிடும். பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். தசைப் புரதம் கரையும், புண்ணில் கிருமி தொற்றும் வாய்ப்பும் கூடும்.

ஸ்வீடனின் அறுவை மருத்துவர் ஒல்லே யுங்க்விஸ்ட் 1990-களில் இந்தப் பட்டினியை மாற்றிப் பார்த்தார். முதலில் இரவு முழுக்க நரம்பு வழியே குளுக்கோஸ், பிறகு பானம். முந்தைய இரவு 800 மில்லி, ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு 400 மில்லி. அதில் 50 கிராம் மாவுச்சத்து. இன்சுலின் சுரந்து, 'சாப்பிட்டாயிற்று' என்று உடம்பு நம்பிவிடுகிறது. பிறகு வரும் இன்சுலின் எதிர்ப்பும் குறைகிறது. வெறும் குளுக்கோஸை அந்த அளவு கரைத்தால் கரைசல் அடர்ந்து வயிற்றிலேயே தங்கும். மால்டோடெக்ஸ்ட்ரின் நீண்ட சங்கிலி. மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைவு. அதனால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் வயிறு காலியாகிவிடும்.

அதற்காக இதை அமிர்தம் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். 2014-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழு 27 ஆய்வுகளை அலசியபோது, மருத்துவமனையில் தங்குவது சராசரியாக 0.3 நாள் குறைந்திருந்தது; சிக்கல்கள் குறையவில்லை. சத்தில்லாத போலிப் பானம் குடித்தவர்களோடு ஒப்பிட்டால் அந்த 0.3 நாளும் உறுதியாக நிற்கவில்லை. என்னைக் கேட்டால், விலை கூடிய பாக்கெட்டைவிட, காரணமில்லாத தாகத்தை ஒழிப்பதுதான் முதல் வேலை.

இந்திய மயக்கவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் தெளிந்த திரவங்களை இரண்டு மணி நேரம் முன்பு வரை அனுமதிக்கிறது: தண்ணீர், பால் சேர்க்காத டீ, சக்கை நீக்கிய பழச்சாறு. பால் டீ இந்தக் கணக்கில் சேராது. பால் வயிற்றில் திரிந்து கெட்டியாகும், ஆறு மணி நேரம் வேண்டும். கேழ்வரகுக் கூழுக்கும் அதே விதிதான். சர்க்கரை நோயாளிகளுக்கும், வயிறு மெதுவாகக் காலியாகிறவர்களுக்கும், குடல் அடைப்பு உள்ளவர்களுக்கும், அவசர ஆபரேஷனுக்கும் கணக்கே வேறு. அங்கே மயக்க மருந்து டாக்டர் சொல்வதே முடிவு.

பன்னிரண்டு மணி விதி இன்னும் சாகாததற்கு ஒரு காரணம் ஆபரேஷன் பட்டியல். முதல் ஆள் வராவிட்டால் மூன்றாவது ஆளை முன்னால் இழுப்பார்கள். எல்லோரும் வெறும் வயிற்றில் இருந்தால் வார்டுக்கு வசதி. ஆனால் பட்டியலில் கடைசி ஆளின் முறை பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தால், அவர் பதினான்கு மணி நேரம் காய்ந்திருப்பார். காலை பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கலாமா என்று அவருடன் வந்தவர் நர்ஸிடம் தாராளமாகக் கேட்கலாம்.