பள்ளிக்கூடத்து ஓட்டு – 6: பிரதமர் ஆடு மேய்க்கப் போயிருக்கிறார்

கூடலூரில் விடியுமுன்னே ஜீப் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அம்மாக்கள், தேர்தலன்று பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். வாக்குச்சாவடி அங்கேதான். பிள்ளைக்கோ அன்று லீவு. தேர்தலில் அவன் கண்ணால் பார்ப்பது அம்மா விரலில் இருக்கும் மையை மட்டும்.

மறுபடி பள்ளி திறந்ததும் அதே அறையில் லீடர் சாக்பீஸும் கையுமாக நிற்பான். சார் வரும்வரை பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும். திரும்பவும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அவனை லீடராக்கியது யார்? பெரும்பாலும் டீச்சர்தான். நன்றாகப் படிப்பவன், இல்லையென்றால் வகுப்பிலேயே உயரமானவன்.

இப்போது பல பள்ளிகளில் மாணவர் தேர்தல் நடக்கிறது. வேட்புமனு, சின்னம், பிரசாரம், செல்போன் செயலியில் வாக்கு இயந்திரம் எல்லாம் உண்டு. போட்டோ நன்றாகவே வருகிறது. ஜெயித்த பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால்தான் சிக்கல். பிரேயரில் உறுதிமொழி வாசிப்பதோடு சரி.

ஜெயித்த பிள்ளைக்கு நிஜமான வேலை கொடுத்த இடமும் உண்டு: ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊர். பங்கர் ராய் அங்கே 1972-ல் தொடங்கிய அமைப்பு, பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகளை நடத்தியது. 1993-ல் அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு பாராளுமன்றம் வந்தது. 6 முதல் 14 வயது வரை ஓட்டு உண்டு. பிரதமர், கல்வி அமைச்சர், சுகாதார அமைச்சர் எல்லோருமே சிறுவர் சிறுமியர். வாத்தியார் ஒழுங்காக வருகிறாரா என்று விசாரிப்பது அவர்கள் பொறுப்பு. 2011-ல் ஒரு மேடையில் ராய் சொன்ன கணக்கு: 150 பள்ளிகள், 7,000 பிள்ளைகள். பிரதமருக்கு வயது 12. காலையில் 20 ஆடுகளை மேய்ப்பாள், மாலையில் நாட்டை ஆள்வாள். விருது வாங்க ஸ்வீடன் போன அவளைப் பார்த்து அந்நாட்டு ராணி அசந்துபோனார். இந்தச் சின்னப் பெண்ணுக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று ராயிடம் விசாரித்தார். சிறுமி ராணியை நேராகப் பார்த்து, தான் பிரதமர் என்பதை அவருக்குச் சொல்லிவிடும்படி ராயிடமே சொன்னாளாம்.

நம் பாடப்புத்தகத்திலும் ஒரு சிறுவன் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) ஊர் நிர்வாகத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க, பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிருந்து எடுத்துக் கொடுப்பவன் அவன். அது ஓட்டல்ல, குலுக்கல். நிலமும் வீடும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இடம். அதைப் பொற்காலம் என்று பிள்ளைகளிடம் அளக்க வேண்டாம். ஆனால் பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்ற விதியை வகுப்புக்கு அப்படியே கொண்டுவரலாம். போன வருஷத்து லீடர் என்ன செய்தான் என்று முதலில் சொல்லட்டும்.

சின்ன வகுப்புகளுக்கு ஆளைவிட விஷயத்துக்கு ஓட்டு வைப்பது நல்லது. விளையாட்டு பீரியடில் கபடியா, கோகோவா? கபடிக்கு 18, கோகோவுக்கு 14 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரமும் அதே 18 கை தூக்கும். அப்படியானால் அந்த 14 பேர் வருஷம் முழுக்கக் கபடியே ஆட வேண்டுமா? டீச்சர் இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும், வகுப்பு சண்டை போட ஆரம்பித்துவிடும்.

(தொடரும்)