முதல் மாதமே கேட்க வேண்டியவை

பண்டத்தரிப்புப் பெண்பிள்ளைகளுக்கு முன்மாதிரிக்குப் பஞ்சமில்லை. 1820இல் இங்கே வைத்தியம் தொடங்கிய ஜோன் ஸ்கடரின் பேத்தி ஐடாதான் 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கியவர். ஆனால் உயர்தரம் முடித்துப் புடைவைக்கடைக்கோ பாமசிக்கோ முதன்முதலாக வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அதைவிட அவசரமாக வேண்டியது ஒரு நியமனக் கடிதம்.

எங்கள் பக்கத்தில் வேலை பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகத்தான் வருகிறது. "முதலாளி எங்களுக்குச் சொந்தம், கடிதம் கேட்டால் குறை நினைப்பார்" என்று வீட்டிலேயே தடுத்துவிடுகிறார்கள். அது குறை நினைக்கிற விடயமே இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமை. நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு கூலி. பிள்ளைப்பேற்றுக்கு 84 நாள் சம்பளத்தோடு லீவு. மூன்றாவது பிள்ளைக்கும் அதே அளவுதான்.

அடுத்தது சேமலாப நிதி. சம்பளம் 30,000 ரூபா என்றால் உங்களிடம் 8 வீதம், அதாவது 2,400 பிடிக்கலாம். முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம், 3,600 போட வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 900. இந்த 4,500இல் ஒரு சதமும் உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. "நீர் இன்னும் நிரந்தரம் இல்லை" என்ற பதிலும் செல்லாது. தற்காலிக ஊழியருக்கும் பயிலுநருக்கும் இது உண்டு, கடையில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் உண்டு. பிடித்த காசைக் கட்டாமல் விட்டிருந்தால் யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். சட்டத்தரணி தேவையில்லை. சம்பளச் சிட்டைகளை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

வேலையிடத்தில் சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு செய்வது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். 5 ஆண்டு வரை சிறை. வந்த வாட்ஸ்அப் செய்திகளை அருவருப்பில் அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம், அதுதான் சாட்சி. 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவு இருக்கிறது.

சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு இங்கே வேறொரு முடிச்சு. தையல் கடைக்கோ மிளகாய்த்தூள் ஆலைக்கோ வங்கிக் கடன் கேட்டால் காணியை ஈடு கேட்பார்கள். காணி உங்கள் சீதனம், உறுதி உங்கள் பெயரில். ஆனாலும் யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் வருகிற மணமான பெண், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவனுக்கோ அவருடைய காணிக்கு மனைவியின் சம்மதம் தேவையில்லை. ஒரு நூற்றாண்டு கடந்தும் இந்த அநியாயம் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. போரில் கணவன் காணாமல் போன பெண் யாரிடம் கையெழுத்து வாங்குவாள்?

வழியில்லாமல் பலர் கிழமைக் கடன்காரரிடம் போய் மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் அதே சட்டத்தின் 8ஆம் பிரிவில் வழி இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெறலாம். கணவன் காணாமல் போனவர்கள் மரணப் பதிவுச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வழங்கப்படும் காணாமற்போனமைச் சான்றிதழை எடுத்திருந்தால் அதையும் இணையுங்கள். வசதியில்லாதவர்கள் திருமணச் சான்றிதழையும் உறுதியின் பிரதியையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகலாம். கடன் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே போவது நல்லது.