டாக்காவிலிருந்து பறந்த தந்திகள்

போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகாத தோட்டக் குடும்பம் நெகிரி செம்பிலானில் இருக்காது. பாயை விரித்துக் கட்டுச்சோற்றைப் பிரித்து உட்கார்ந்தால், எதிரே மலாக்கா நீரிணையில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது தெரியும். 1971 டிசம்பர் நடுவில் அந்த வழியே ஒரு பெரிய கப்பல் போயிற்று. ‘எண்டர்பிரைஸ்’ என்று பெயர். அணுசக்தியால் ஓடும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல். துணைக்கு வேறு போர்க்கப்பல்களும் சென்றன. அவை போன இடம் வங்காள விரிகுடா. அப்போது இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டுக்கொண்டிருந்தன. பாகிஸ்தானுக்கு ஆதரவாக, இந்தியாவை அச்சுறுத்த அனுப்பப்பட்ட கப்பல் அது.

சரி, கப்பலை அனுப்பியவர்களுக்குக் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்ததெல்லாம் தெரியாதா? தெரியும், வாசகர்களே! அவர்களுடைய சொந்தத் தூதரக அதிகாரிகளே மார்ச் மாதம் முதல் தந்திமேல் தந்தியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

இதில் எனக்கு அக்கறை பிறந்ததற்குக் காரணம், எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஒரு வங்காளதேசத்துத் தொழிலாளி. என் வயதுதான் இருக்கும். என்னைச் “சிகு” என்றுதான் அழைப்பார். ஒரு மாலை மளிகைக்கடை வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது, 1971இல் தம் அம்மா ஜெசூரிலிருந்து மூத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்திய எல்லைக்கு நடந்தே போனதைச் சொன்னார். பனகாவ் பக்கத்து அகதி முகாமில் ஒருநாள் ஒரு வெள்ளைக்காரர், மொழிபெயர்ப்பாளரோடு வந்து உட்கார்ந்தாராம். எந்த ஊர், என்றைக்குக் கிளம்பினீர்கள், சுட்டவர்கள் யார், அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் மிச்சம் என்று கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனாராம். அவர் யாரென்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பத்திரிகைக்காரரோ, நிவாரண வேலைக்கு வந்தவரோ, தூதரகத்துக்காரரோ! எல்லோரும்தான் அங்கே போனார்கள்.

தூதரகம் என்றால் நமக்கு விசாவும் நீண்ட வரிசையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் பெரிய வேலை பார்ப்பதும் கேட்பதும் எழுதி அனுப்புவதுமே. சினிமாவில் வருவதுபோல் கறுப்புக் கண்ணாடியும் துப்பாக்கியும் அதற்குத் தேவையில்லை. காலையில் உள்ளூர்ப் பத்திரிகைகளைப் படிப்பார்கள். வானொலிச் செய்தியைக் குறித்துக்கொள்வார்கள். வியாபாரி, பேராசிரியர், பாதிரியார், மருத்துவர் என்று நாலு பேரிடம் பேசுவார்கள். பக்கத்து நாட்டில் போர் மூண்டு கதவு அடைபட்டுவிட்டால், எல்லையைத் தாண்டி வருகிற மனிதர்களே பத்திரிகை ஆகிவிடுகிறார்கள். ஒரே ஊரிலிருந்து வந்த குடும்பங்களைத் தனித்தனியே விசாரித்து, நாளும் இடமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். பத்துப் பேர் ஒரே மாதிரி சொன்னால் அதைப் புரளி என்று தள்ள முடியுமா?

இனி 1971க்குப் போவோம். அன்றைய பாகிஸ்தான், நடுவில் இந்தியா இருக்க, மேற்கு கிழக்கு என்று இரண்டு துண்டாக இருந்தது. 1970 டிசம்பர் தேர்தலில் கிழக்கில் இருந்த 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் பிடித்தது. நாட்டுக்கே பெரும்பான்மை! ஆட்சியைக் கொடுக்க ஜெனரல் யாஹியா கானுக்கு மனம் வரவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் இராணுவம் இறங்கியது.

டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவராக இருந்தவர் ஆர்ச்சர் பிளட். பெயருக்கு ‘இரத்தம்’ என்று பொருள், என்ன பொருத்தமோ! அன்றிரவு விருந்துக்கு வந்தவர்கள் வீடு திரும்ப முடியாமல் அவர் வீட்டிலேயே தங்கினார்கள். மொட்டை மாடியில் நின்று, நகரம் எரிவதையும் குண்டுகள் கோடு கிழித்தாற்போல் பாய்வதையும் பார்த்தார் பிளட். மறுநாள் முதல் தகவல்கள் குவிந்தன. பல்கலைக்கழகத்தில் இந்து மாணவர்கள் தங்கியிருந்த ஜகந்நாத் விடுதி தாக்கப்பட்டது. பழைய டாக்காவில் தெருத்தெருவாக நெருப்பு. 30க்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களை ஹோட்டலில் அடைத்துவைத்து நாட்டை விட்டே வெளியேற்றிவிட்டது இராணுவம். சைமன் டிரிங் என்ற இளம் ஆங்கில நிருபர் ஒளிந்திருந்து தப்பி, பின்னர் செய்தியை வெளியே கொண்டுபோனது தனிக் கதை.

தொலைபேசி இல்லை, துணைத் தூதரகத்தின் வழக்கமான வயர்லெஸுக்கும் தடை. ஆனால் பிளட்டிடம் இரகசியமாக ஒரு வயர்லெஸ் கருவி இருந்தது. அதன் மூலம் அவர் அனுப்பினார். காலரா ஆராய்ச்சி நிலையத்து அமெரிக்க மருத்துவர்களும் பாதிரிமார்களும் நேரில் கண்டதைச் சொன்னார்கள். பயந்து ஓடிவந்த வங்காளிகளை அமெரிக்கக் குடும்பங்கள் தங்கள் வீடுகளிலேயே ஒளித்துவைத்திருந்தன, அவர்களும் சொன்னார்கள். மார்ச் 28ஆம் தேதித் தந்தியின் தலைப்பே ‘தேர்ந்தெடுத்த இனப்படுகொலை’ என்பதுதான்.

மறுநாளே புதுடில்லியிலிருந்தும் அதே குரலில் ஒரு தந்தி போயிற்று. அனுப்பியவர் இந்தியாவுக்கான அமெரிக்கத் தூதர் கென்னத் கீட்டிங். இவர் ஜனாதிபதி நிக்சனின் கட்சியைச் சேர்ந்த முன்னாள் செனட்டர் என்பதைக் கவனியுங்கள். நம் அரசாங்கம் இந்தக் கொடுமையை வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும் என்று அவர் எழுதினார். நாள் ஆக ஆக எல்லையைத் தாண்டி ஜனங்கள் வெள்ளம்போல் வந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் சுமார் 1 கோடிப் பேர்! நம் மாநிலத்தைப்போல் எட்டு மாநிலத்து ஜனங்கள் கிளம்பி நடந்ததாக எண்ணிப்பாருங்கள். அந்த அகதிகளில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பது முகாம்களில் தெரிந்தது. ஜூன் 15ஆம் தேதி கீட்டிங் வெள்ளை மாளிகைக்கே போய் நிக்சனிடம் நேரில் சொன்னார். அவர் வெளியே போனபின் நிக்சனும் கிஸ்ஸிஞ்சரும் அவரைக் கேலி பேசியது ஒலிநாடாவில் இன்றும் இருக்கிறது.

டாக்காவில் இதற்கு முன்பே ஒன்று நடந்துவிட்டது. தந்தி அனுப்பியும் வாஷிங்டன் வாயைத் திறக்காததைப் பார்த்து, இளைய அதிகாரிகள் கொதித்துப்போனார்கள். ஏப்ரல் 6ஆம் தேதி, நம் அரசாங்கத்தின் கொள்கையை நாங்கள் ஏற்கவில்லை என்று ஒரு தந்தி எழுதி 20 பேர் கையெழுத்திட்டார்கள். பிளட் அதைக் கிழித்துப்போட்டிருக்கலாம், நிறுத்திவைத்திருக்கலாம். மனைவி மக்களும் பதவி உயர்வும் அவருக்கும் உண்டல்லவா? அவர் தம் ஆதரவையும் சேர்த்தே அனுப்பினார். இரகசிய முத்திரையும் சாதாரணமாகவே இருந்ததால், அது வாஷிங்டனில் பல மேசைகளுக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில் என் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் எனக்கும் அறிக்கை எழுதும் வேலை உண்டு. ஒருமுறை வகுப்பறைக் கூரை ஒழுகுவதை உள்ளபடி எழுதினேன். ‘திருப்தி’ என்று மாற்றிக் கொடுங்கள் என்றார்கள். மாற்றிக் கொடுத்துவிட்டேன். அந்த மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகள் மேசையை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார்கள். ஒரு கூரைக்கே எனக்குக் கை வளைந்தது. அந்த 20 பேரை நினைத்துப் பார்க்கிறேன்.

வாஷிங்டன் ஏன் காதைப் பொத்திக்கொண்டது? காரணம் ஜூலையில் வெளிவந்தது. பாகிஸ்தானுக்கு வந்த கிஸ்ஸிஞ்சர், வயிற்றுவலி என்று சொல்லி மலைப் பங்களாவில் ஓய்வெடுப்பதாகக் காட்டிவிட்டு, ஜூலை 9ஆம் தேதி விடியற்காலை இரகசியமாகப் பீக்கிங்குக்குப் பறந்தார். திங்கட்கிழமை காலையில் நம் பிள்ளைகள் சொல்லும் அதே வயிற்றுவலிதான்! சீனாவோடு உறவு கொள்ள நிக்சனுக்குத் தரகர் யாஹியா கான். தரகரைக் கோபப்படுத்த முடியுமா?

கல்கத்தாவில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அங்கிருந்த பாகிஸ்தானின் துணைத் தூதர் ஹுசேன் அலி ஒரு வங்காளி. ஏப்ரல் 18ஆம் தேதி பாகிஸ்தான் கொடியை இறக்கி, வங்காளதேசக் கொடியை ஏற்றிவிட்டார்.

டிசம்பர் 3ஆம் தேதி முழுப்போர் தொடங்கியது. 16ஆம் தேதி டாக்கா பந்தய மைதானத்தில் ஜெனரல் நியாஸி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். சுமார் 93,000 பேர் கைதானார்கள். போர்ட்டிக்சனைக் கடந்து போன அந்தப் பெரிய கப்பல் ஒரு குண்டும் சுடவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்தத் தொழிலாளியிடம் சொன்னேன். கத்திக்குச் சாணை பிடித்தபடியே கேட்டவர், “அந்தத் துரைக்கு வேலை போய்விட்டதா சிகு?” என்றார்.

வேலை போகவில்லை. ஜூன் மாதமே டாக்காவிலிருந்து திருப்பி அழைத்து, வாஷிங்டனில் ஓர் அலுவலக மேசையில் உட்காரவைத்தார்கள். பின்னாளில் டில்லியிலும் பணியாற்றினார். ஆனால் தூதர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. 2004இல் காலமானார். அதற்குப் பிறகு டாக்காவிலுள்ள அமெரிக்க நூலகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள் என்று சொன்னேன்.

“அந்த நோட்டுப் புத்தகத்தில் எங்கள் அம்மா பெயரும் இருக்குமா?” என்றார் அவர்.